லாரிக்காரருக்கு இறங்கிய சாமி

பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் வந்து சாமி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட எங்கள் பிளாட்டைக் காட்டும். ஏழாம் மாடியில், லிஃப்டுக்கு எதிரே, வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கிய வீடு. அவற்றை நான் கட்டவில்லை, கட்டியவர்கள் வேறு. நான் அந்தச் சாமியின் பெண்டாட்டி. பெயர் குணவதி, வயது அறுபத்தாறு. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் நின்றுகொண்டே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். சாமியின் கதையை ஆளுக்கொரு விதமாக ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூட இருந்து குப்பை கொட்டியவள் நான்தான், நான் சொல்கிறேன்.

சாமியின் பெயர் திருநாவுக்கரசு. நிபோங் திபாலுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 'அவர்' என்று நான் எழுதுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது நாற்பது வருஷத்துக்கு மேலான வாய்ப்பழக்கம், மனதிலிருந்து வருவதில்லை. ஆறாவது வரை தமிழ்ப் பள்ளி, அப்புறம் பால்மரம் வெட்டுதல், அப்புறம் லாரியில் ஏற்றி இறக்கும் கெலிண்டான் வேலை. இருபத்து மூன்று வயதில் லாரியையே ஓட்ட ஆரம்பித்துவிட்டார். பட்டர்வொர்த்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி ஹாட்யாய்க்குப் போவார், இரண்டு மூன்று நாள் கழித்து வருவார்.

ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார். கை தாராளம், வாய் இனிப்பு. தாய்லாந்திலிருந்து வரும்போது தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் வாங்கி வருவார். என்னை அடித்ததில்லை. குடித்துவிட்டுக் கால்வாயில் விழுந்து கிடந்ததில்லை. இந்த இரண்டும் இல்லாத காரணத்தால் 'உனக்கு நல்ல புருஷன் வாய்ச்சான்' என்று எல்லாரும் என்னிடம் சொன்னார்கள். நானும் மண்டையை ஆட்டினேன்.

கல்யாணமாகி அடுத்த வருஷமே வயிற்றில் தங்கியது. ஏழாம் மாதம் அசைவு நின்றுபோனது. தோட்டத்து மருத்துவச்சி வந்து எடுத்தாள். ஆண் பிள்ளை. எனக்குக் காட்டவில்லை, துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து இன்னொன்று. அது பெண். அதுவும் வயிற்றுக்குள்ளேயே செத்தது. அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்தம் எடுத்துச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள். மருத்துவச்சி கை வைத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான் வைத்தியம்.

இந்த இடத்தில் தனலெட்சுமி வருகிறாள். அவருடைய உடன்பிறந்த அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள், எனக்கு அண்ணி முறை. இரண்டாவது பிள்ளை போன பதினாறாம் நாள், வந்த சனத்துக்கு முன்னால் வைத்து அவள் சொன்னாள்: "இவ வயிறு வயிறு இல்ல, சுடுகாடு." அன்றைக்கு எனக்கு வயது இருபத்தாறு. என் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் மூன்றாவதாக மோகனராஜ் பிறந்தான். நல்லபடியாகத்தான் பிறந்தான். தனலெட்சுமி விடுவாளா? "ரெண்டைத் தின்னுட்டு ஒண்ணைப் பெத்தவ" என்று பெயரை மாற்றி வைத்தாள். சொந்தத்தில் வளைகாப்பு நடந்தால், எல்லாப் பெண்களும் வளையல் போடுவார்கள், நான் மட்டும் அடுப்படியில் நிற்பேன். என் கை பட்டால் அந்தப் பிள்ளையும் தங்காதாம். ஒருமுறை என் சொந்தத் தங்கச்சி மகளின் வளைகாப்பில்கூட, நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தபோது தனலெட்சுமி என் மணிக்கட்டைப் பிடித்துக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அந்த மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது. என் புருஷன் அங்கேயும் இருந்தார்.

தோட்டத்தை விற்றார்கள், நாங்கள் ஜார்ஜ்டவுனுக்கு வந்தோம். அவர் லாரியை விடவில்லை, ஆனால் எல்லை தாண்டுவதை விட்டுவிட்டார். அக்கரையில் பத்து காவான் என்கிற ஊருக்கும் பினாங்குத் தீவுக்குமாக ஃபேக்டரிச் சரக்கு ஏற்றினார். அறுபத்தைந்து வயதில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். அதுவரைக்கும் கதை சாதாரணக் கதைதான்.

முதலில் கால்வலி வந்தது. சும்மா டிவி பார்த்துக்கொண்டிருப்பவர் திடீரென்று தொடையைப் பிடித்துக்கொண்டு கத்துவார், அரை நிமிஷத்தில் போய்விடும். கிளினிக்கில் தேய்க்க மருந்து கொடுத்தார்கள். பிறகு நடை மாறியது. காலை வேண்டியதற்குமேல் தூக்கித் தொப்பென்று வைப்பார். கீழ் மாடிச் சீனர் இரண்டு தடவை வந்து சண்டை போட்டார். அதன்பிறகு பேச்சு மாறியது. பினாங்குப் பாலத்தைக் கட்டியதே தான்தான் என்று லிஃப்டில் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பாலத்தைக் கடப்பவர்கள் தனக்குச் சலாம் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். பேசும்போது உதடு துடிக்கும், வார்த்தை வழுக்கும். சம்பந்தமில்லாமல் சிரிப்பார். நான் வயசுக் கோளாறு என்று நினைத்தேன்.

எங்கள் பிளாட்டுக்குப் பின்னால், கால்வாய் ஓரத்து மரத்தடியில், ஒரு சின்ன முனியாண்டி கோயில் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமைப் பூஜையில் உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் எழுந்து தொப் தொப்பென்று காலை வைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றார். "நான் யாருன்னு தெரியுதா" என்று ஒரு சத்தம் போட்டார். பூசாரி கற்பூரத் தட்டைக் கண்ணுக்கு நேரே காட்டினார். வெளிச்சம் பட்டால் யாருக்கும் கண்மணி சுருங்கும். இவருக்குச் சுருங்கவில்லை, கடுகளவு இருந்தது அப்படியே நின்றது. சாம்பிராணிச் சட்டி கவிழ்ந்து நெருப்பு சிதறியது, அதன்மேல் மிதித்துக்கொண்டு நின்றார், முகம் சுளிக்கவில்லை. தனலெட்சுமி தரையில் விழுந்தாள். "என் தம்பி மேல முனி வந்திருக்கு" என்று அழுதாள்.

அவ்வளவுதான். சுருங்காத கண், சுடாத கால், பூமி அதிரும் நடை. முனியாண்டிக்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்? கோயில் தலைவர் கிஷன், கான்ட்ராக்டர், கையில் கனமான தங்கச் சங்கிலி போட்ட நாற்பது வயதுக்காரர், அடுத்த வாரமே இவருக்கு ஒரு மர நாற்காலி செய்து கொண்டுவந்து வைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் அருள்வாக்கு. சுருட்டும் கறுப்புப் பீரும் வாங்கிக்கொண்டு பத்து காவானிலிருந்தெல்லாம் காரில் வந்தார்கள். பாதிப் பேருக்கு லாட்டரிக்கு நாலு நம்பர் வேண்டும். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். யாருக்கோ ஒருமுறை அடித்துவிட்டது, பிறகு கேட்கவா வேண்டும்?

நான் மட்டும் என்ன, பெரிய புத்திசாலியா? நானும் போய் விழுந்தேன். நாற்பது வருஷம் கூடப் படுத்த மனுஷன் காலில் விழுந்து விபூதிக்குத் தலையைக் காட்டினேன். அவர் என் தலையில் கையை வைத்து, "என்னா தாயி, பிள்ளை வரம் கேட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. தனலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

இந்த வருஷம் பங்குனி கடைசியில் அவர் பாதத்தில் ஒரு நாற்றம் வந்தது. திருப்பிப் பார்த்தால் உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு ஏறிச் சீழ் வைத்திருக்கிறது. எத்தனை நாளாக அதோடு நடந்தாரோ, வலியே தெரியவில்லை என்றார். தனலெட்சுமி மஞ்சள் வைத்துக் கட்டச் சொன்னாள். நான் டாக்சி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவளைக் கேட்காமல் நான் செய்த காரியங்களில் அது ஒன்று.

அங்கே டாக்டர் நோர்மா என்று ஒரு மலாய்க்காரப் பெண். என் மகன் வயதுதான் இருக்கும். காலைப் பார்க்க வந்தவர் நடையைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார். முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார், கால் எழும்பவில்லை. சின்ன டார்ச்சைக் கண்ணில் அடித்தார், அணைத்தார், மறுபடி அடித்தார். கோயிலில் கற்பூரம் காட்டியபோது எல்லாரும் விழுந்து கும்பிட்ட கண் அது. இந்தப் பெண் கும்பிடவில்லை, ரத்தம் எடுக்கச் சொன்னார். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத்து நீரையும் எடுத்தார்கள்.

முடிவு வந்த அன்றைக்கு என்னைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். டாக்டர் மலாயில் சொல்வதைத் தமிழில் சொல்ல நர்ஸ் சந்திரிகா கூட இருந்தாள், எங்கள் பேச்சில் மிஸ்ஸி. எனக்கு மலாய் தெரியும், ஆனாலும் இந்த மாதிரி விஷயத்தைத் தாய்மொழியில்தான் சொல்லவேண்டும் என்று டாக்டர் நினைத்திருக்கிறார்.

"ஆண்டி, இது மேகநோய்" என்றாள் சந்திரிகா. "சிஃபிலிஸ்னு சொல்லுவாங்க. அங்கிளுக்கு வாலிப வயசுல வந்திருக்கு. வெளிய ஒரு புண்ணு வரும், தானா ஆறிடும். ஆனா கிருமி சாகாது, உள்ளுக்குள்ள போயி ஒளிஞ்சிக்கும். முப்பது நாப்பது வருஷம் சும்மா இருந்துட்டு, வயசான காலத்துல மூளையிலயும் முதுகுத்தண்டுலயும் வேலையைக் காட்டும். அந்த நடை, அந்தக் கண்ணு, பெரிய பெரிய பேச்சு, எல்லாம் அதுதான்."

"அப்ப சாமி?" என்று கேட்டேன்.

சந்திரிகா டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அதுவும் அதுதான் ஆண்டி."

என் ரத்தத்தையும் எடுத்தார்கள். எனக்கும் இருந்தது. மூளைக்குப் போகவில்லை, ரத்தத்தில் உறங்கிக்கொண்டிருந்தது, வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டால் போதும் என்றார்கள். அறுபத்தாறு வயதில் இந்தச் சீக்குக்கு ஊசி போட்டுக்கொள்ளப் படுக்கையில் குப்புறப் படுத்தேன். ஒழுக்கங்கெட்டது அவர், சேலையைத் தளர்த்தியது நான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு டாக்டர் நோர்மா, மலாயில் அத்தை என்று என்னைக் கூப்பிட்டு, ஒரு கேள்வி கேட்டார். "மக்சிக், உங்களுக்குக் குழந்தை ஏதாவது வயிற்றிலேயே இறந்திருக்கிறதா?"

நான் இரண்டு விரலைக் காட்டினேன். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். சந்திரிகா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அதுக்கும் இதுதான் காரணமா இருக்கும் ஆண்டி. தாய்க்கு வந்த புதுசுல புள்ள தங்காது. வருஷம் ஆக ஆகக் கிருமியோட வேகம் கொறையும். அதான் மூணாவது புள்ள பொழைச்சிருக்கு."

நான் அழவில்லை. எனக்கு எதையாவது எடுத்து உடைக்கவேண்டும்போல் இருந்தது. வயிறு சுடுகாடு என்றார்கள். அதற்கு நெருப்பு வைத்தவர் இரண்டாம் வார்டில் உட்கார்ந்துகொண்டு, பாலம் கட்டிய கதையை நர்சுகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. தனலெட்சுமிக்கு முன்னால், அவர் வாயால், குற்றம் என்மேல் இல்லை என்று வரவேண்டும். நான் சொன்னால் எடுபடாது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் காட்டினால், 'நீதான் ஃபேக்டரியில எவன்கிட்டயோ வாங்கிட்டு வந்து என் தம்பிக்குக் கொடுத்தே' என்பாள். சத்தியமாக அப்படித்தான் சொல்வாள். அவர்தான் சொல்லவேண்டும், அதுவும் சீக்கிரம் சொல்லவேண்டும். டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில் பென்சிலின், இரண்டு வாரம் விடாமல். நோய் நிற்கும். ஆனால் ஏற்கெனவே போன ஞாபகம் திரும்பும் என்று உத்தரவாதம் கிடையாது. பாதியில் நிறுத்தினால் இருப்பதும் போய்விடும்.

மோகனராஜிடம் சொன்னேன். அவன் வங்கியில் வேலை பார்க்கிறான், ஜாக்கிரதையான பையன். ஆஸ்பத்திரி கேன்டீனில் எதிரே உட்கார்ந்து கேட்டுவிட்டு, முதலில் இடதும் வலதும் பார்த்தான்.

"அம்மா, இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. லோகேஸ்வரிக்குத் தெரிஞ்சா என்னையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுவா."

"எடுத்துக்கோ. டாக்டரே எடுக்கச் சொன்னாங்க."

"மானம் போயிடும்மா. கோயில்ல அப்பாவ சாமின்னு கும்பிடுறாங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்லா."

"என் மானம் போயி நாப்பது வருஷம் ஆச்சு. அப்ப யாரும் கேன்டீன்ல ஒக்காந்து பேசல" என்றேன். அவன் தட்டில் இருந்த மீ கோரேங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தான். லோகேஸ்வரி அவன் மனைவி, நல்ல பெண். அவளிடம் சொல்லியிருந்தால் எனக்குத் துணை கிடைத்திருக்கும். அதற்கும் வாய்ப்பூட்டு போட்டுவிட்டான்.

தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். "ஏங்க, ஹாட்யாய் ஞாபகம் இருக்கா? அங்க எங்க தங்குவீங்க?" அவர் கஞ்சியை வாங்கிக்கொண்டு, "கோப்பி இல்லியா" என்றார். இன்னொரு நாள் நேராகவே கேட்டேன். "நம்ம ரெண்டு புள்ள ஏன் செத்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" அவர் என்னை அடையாளம் தெரியாதவர் மாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அந்தக் கஞ்சிக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அடுத்த கட்டிலில் முஸ்தஃபா என்று ஒரு பெரியவர், தமிழ் முஸ்லிம், நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர். அவர் விளையாட்டாக, "என்னா சாமி, எனக்கு எப்ப வீட்டுக்கு உத்தரவு?" என்று கேட்டால் இவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு கோர்வையாகப் பதில் சொல்வார். பெண்டாட்டி கேட்டால் கோப்பி. சாமி என்று கேட்டால் வாக்கு. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊசி ஆரம்பித்து ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில் தனலெட்சுமி வந்தாள். கூடவே கிஷன், கோயில் ஆட்கள் நாலைந்து பேர், ஒரு மாலை. ஞாயிற்றுக்கிழமை திருவிழா. சாமி இல்லாமல் எப்படி நடத்துவது? நோட்டீஸில் படம் போட்டாயிற்றாம். பின்னாலேயே மோகனராஜும் வந்தான், கையில் ஒரு தாள். சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போடுகிற தாள் அது.

"பாதியில நிறுத்தினா ஆளு கெட்டுப் போயிடுவாரு" என்றாள் மிஸ்ஸி சந்திரிகா.

கிஷன் மரியாதையாகத்தான் பேசினார். "மிஸ்ஸி, ரெண்டு நாள்தானே? திங்கக்கெழம கொண்டாந்து விட்டுடுறோம். சாமிக்கு ஒங்க ஊசியால என்னா ஆகப்போவுது?"

"அப்பறம் முதல்லருந்து ஆரம்பிக்கணும் அண்ணே. அதுக்குள்ள மூளை இன்னும் மோசமாயிடும்."

தனலெட்சுமி சந்திரிகாவிடம் பேசவில்லை. என் பக்கம் திரும்பினாள். "எல்லாம் இவ வேல. என் தம்பி மேல தெய்வம் வந்தது இவளுக்குப் பொறுக்கல. நல்லது தங்காத ராசி. வயித்துலயும் தங்கல, வீட்டுலயும் தங்கல." வார்டில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள். "மோகன், நீ கையெழுத்துப் போடு."

மோகனராஜ் பேனாவை எடுத்தான். என் பக்கம் பார்க்கவில்லை. அவனுக்கு எப்படியாவது இந்த இடத்தை விட்டுப் போனால் போதும்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நான் போய் அவர் கட்டிலுக்கு முன்னால் முட்டி போட்டேன். முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தினேன். கோயிலில் வாக்குக் கேட்கிறவர்கள் எப்படி ஏந்துவார்களோ அப்படி. தனலெட்சுமி வைத்த விபூதி அவர் நெற்றியில் இருந்தது, கிஷன் போட்ட மாலை கழுத்தில் இருந்தது. ட்ரிப் ஊசி ஒரு கையில். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"சாமி" என்றேன். "எனக்கு ஒரு வாக்கு வேணும்."

அவர் முதுகை நிமிர்த்தினார். உதடு துடித்தது. "கேளு தாயி."

"நான் சொமந்த ரெண்டு புள்ளைங்களும் வயித்துலேயே செத்துச்சே சாமி. என் மேல என்னா குத்தம்? எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க."

தனலெட்சுமிகூடக் கையைக் கூப்பிக்கொண்டாள். சாமி என்னைப் பற்றி என்ன சொல்லும் என்று கேட்க அவளுக்கு அத்தனை ஆசை.

"ஒன் மேல குத்தமில்ல தாயி" என்றார், தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "இந்தக் கட்டை மேலதான் குத்தம். இந்தக் கட்டை ஹாட்யாய்ல வாங்கிட்டு வந்துச்சு. அப்ப நீ மொதப் புள்ளய சொமந்துகிட்டு இருந்தே. புண்ணு வந்துச்சு. பட்டர்வொர்த்துல ஒரு சீன டாக்டரு, மூணு ஊசி போடணும்னாரு. ஒண்ணு போட்டுச்சு இந்தக் கட்டை. புண்ணு ஆறிடுச்சு, அப்பறம் போகல."

அவர் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"சீனரு சொன்னாரு, பொண்டாட்டியக் கூட்டிட்டு வா, அவளுக்கும் ஊசி போடணும், இல்லாட்டிப் புள்ளய சாவடிச்சிடும்னு. கூட்டிட்டுப் போகல தாயி. எதுக்கு ஊசின்னு நீ கேட்டா என்னா சொல்றது? வெக்கமா இருந்துச்சு." பிறகு சிரித்தார். கிஷனைப் பார்த்துக் கையை ஆட்டினார். "அடுத்தது யாரு? நம்பர் வேணுமா?"

நான் ஏந்திய முந்தானை அப்படியே இருந்தது. தெரியாமல் நடந்துபோனது என்றுதான் அந்த நிமிஷம் வரை நினைத்திருந்தேன். புண் வந்தது, ஆறியது, மறந்துவிட்டார், படிக்காத மனுஷன் என்று. தெரிந்திருக்கிறது. முதல் பிள்ளை சாகும் முன்பே தெரிந்திருக்கிறது. இரண்டாவது வயிற்றில் வந்தபோதும் தெரிந்திருக்கிறது. சுடுகாடு என்று அக்கா சொன்னபோது கோப்பியைக் குடித்துக்கொண்டு, தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறார்.

தனலெட்சுமியின் கூப்பிய கை கீழே இறங்கியது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மன்னிப்புக் கேட்பாள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு எங்கள் சொந்தத்தைத் தெரியாது.

"இது சாமி இல்ல" என்றாள். "சாமி இப்படியெல்லாம் பேசாது. அவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு." பிறகு சந்திரிகாவிடம் திரும்பினாள். "நீங்க ஊசியப் போடுங்க மிஸ்ஸி. நல்லாப் போடுங்க."

கிஷன் வந்து மாலையை மெதுவாகக் கழற்றிக்கொண்டார். எல்லாரும் போனார்கள். திருவிழாவுக்கு அலோர் ஸ்டாரிலிருந்து வேறு சாமியாடியைக் கொண்டுவந்தார்களாம். மோகனராஜ் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நின்றான். "அம்மா" என்றான். "நாளைக்கு டெஸ்ட் எடுத்துக்கறேன்மா" என்றான். எடுத்தான், அவனுக்கு ஒன்றுமில்லை.

என்மேல் குற்றமில்லை என்று வந்துவிட்டது. சபையில், அவர் வாயால், நான் கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாசலில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குப்பையில் போட்டேன், குளித்தேன், சாப்பிட்டேன். மறுநாள் கஞ்சி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாவம், புருஷன்மேல் எத்தனை பாசம் என்று முஸ்தஃபா சொன்னார். ஒரு வேளை ஊசிகூடத் தப்பாமல் நான் பார்த்துக்கொண்டேன். அந்த மூளை எனக்கு வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு துடிக்கவில்லை. முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. என்னைப் பார்த்து, "குணா, வெளிய மழையா?" என்று கேட்டார். என் சேலை நனைந்திருந்தது. கேள்வி சரியான கேள்வி. அவர் என் பெயரைச் சொல்லி மாதக்கணக்கு ஆகியிருந்தது. டாக்டர் நோர்மா கதவருகே நின்று எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

நான் குடையை மூலையில் வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அக்கா வந்திருந்தப்ப நான் ஏதாச்சும் சொன்னேனா?"

அந்தக் குரலில் பயம் இருந்தது. அப்படியானால் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஞாபகம் போகவே இல்லை.

"சாமி சொல்லிச்சு" என்றேன். "இப்ப நீங்க சொல்லுங்க."

அவர் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.